ஆற்றில் ஓடும் கார்பனின் வயது என்ன? அணை அதைப் பிடித்து வைப்பது நன்மையா?

கொள்ளிடக்கரை எழுதியது:

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் கும்பகோணத்திற்குக் கிழக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்டது. கார்பன் சுழற்சியைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மரம், மாடு, ஆலைப் புகைபோக்கி, கடல் என்று நான்கு மூலைகளில் எழுதி, இடையில் அம்புக்குறிகளைப் போட்டு முடித்துவிடுவேன். ஆற்றை அந்தப் படத்தில் நான் வரைந்ததே இல்லை.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பேசியவர், உலகின் ஆறுகளும் ஓடைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி டன் கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் விடுகின்றன என்றார். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வருவது சுமார் 1,000 கோடி டன் என்னும்போது, இது தள்ளிவிடக்கூடிய தொகையன்று. ஆனால் எனக்கு ஓர் ஐயம். ஆற்றில் விழுந்த இலை அங்கே மக்காமல் கரையிலேயே மக்கியிருந்தாலும் அதே வாயுதானே வந்திருக்கும்? இடம் மாறியதற்காக அதை ஏன் தனியாகக் கணக்கிட வேண்டும்?

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். மேட்டூர் அணை 1934 முதல் வண்டலைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. வண்டலோடு வந்த கார்பனும் அங்கேயே அடியில் படிந்திருக்கும் அல்லவா? அப்படியானால் டெல்டாவுக்கு நட்டமான அந்த வண்டல், காற்று மண்டலத்திற்கு இலாபம் என்று கொள்ளலாமா? புவி வெப்பமடைவதால் இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நீர்ப்பகுப்பு எழுதியது:

ஐயா, ஆற்றுநீர் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் இலைக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாமும் அதைச் சுற்றித்தான் நிற்கின்றன.

நீங்கள் கேட்ட 180 கோடி டன் என்பது பீட்டர் ரேமண்ட் குழுவினர் 2013இல் வெளியிட்ட மதிப்பீடு. அதற்கு முன் 2007இல் ஜொனாதன் கோலும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வரவு செலவு போட்டிருந்தார்கள். நிலத்திலிருந்து ஆறு, ஏரி, நீர்த்தேக்கம் ஆகியவற்றுக்குள் ஆண்டுதோறும் 190 கோடி டன் கார்பன் இறங்குகிறது. அதில் 90 கோடி டன் மட்டுமே கடலைச் சேர்கிறது. சுமார் 80 கோடி டன் வழியிலேயே காற்றுக்குப் போகிறது. 20 கோடி டன் அடியில் படிகிறது என்பது அந்தக் கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் காற்றுக்குப் போகும் பகுதியைப் பெருமளவு உயர்த்திவிட்டன. ஆறு ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் ஊற்றும் வாய்க்கால் மட்டுமன்று, போகும் வழியெல்லாம் தின்று செரித்து மூச்சுவிடும் ஒன்று என்பதை அந்த ஆய்வுகள் நிலைநாட்டின.

சென்ற ஆண்டு தளிர்த்த இலை இந்த ஆண்டு ஆற்றில் மக்கினால், மரம் காற்றிலிருந்து எடுத்ததே காற்றுக்குத் திரும்புகிறது. அதில் புதிய சுமை ஏதுமில்லை. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் ஆற்றுநீரில் இருப்பது சென்ற ஆண்டின் இலை மட்டுமா என்பதுதான் கேள்வி. ஆயிரம் ஆண்டுகளாக மண்ணின் ஆழத்தில் அடைந்து கிடந்த கார்பனை மழைநீர் கரைத்து ஆற்றில் சேர்த்தால், அது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்த பணத்திற்கு ஒப்பாகும்.

வயதை அறிய ரேடியோகார்பன் முறை உதவுகிறது. கார்பன்-14 என்னும் கதிரியக்க வகை 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் அதன் அளவு ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்த முத்திரை பதிந்த கார்பன் அண்மைக்காலத்தது என்பது உடனே தெரிந்துவிடும். இந்த முறையில் உலகெங்கும் எடுக்கப்பட்ட அளவீடுகளைத் திரட்டி 2025இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறுகள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 60 விழுக்காடு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டன், ஆயிரமாண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட பழைய கார்பனிலிருந்து வருகிறது என்று மதிப்பிட்டது. இந்தத் துறையில் இருப்பவர்கள் பலரும் அவ்வளவை எதிர்பார்க்கவில்லை, நானும்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழையது என்றாலே மனிதர் கிளறிவிட்டது என்று பொருளாகாது. சுண்ணாம்புப் பாறை கரைந்தால் கார்பன்-14 அறவே இல்லாத கார்பன் நீரில் சேரும். மழை தோன்றிய நாளிலிருந்து அது நடந்து வருகிறது. மனிதரின் பங்கைத் தனியே பிரிக்க முயன்ற 2013ஆம் ஆண்டு ஆய்வொன்று, தொழிற்புரட்சிக்குப் பிறகு நிலத்திலிருந்து நீர்நிலைகளுக்குள் இறங்கும் கார்பன் ஆண்டுக்கு 100 கோடி டன் வரை கூடியிருக்கலாம் என்று கணித்தது. காடழிப்பு, உழவு, மண்ணரிப்பு, சாக்கடை எல்லாம் அதில் அடக்கம். நிலம் உறிஞ்சி வைத்திருக்கிறது என்று நாம் வரவு வைக்கும் கார்பனில் ஒரு பகுதி, பின்வாசல் வழியாக ஆற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் உட்பொருள்.

வெப்பமடைதலின் விளைவைப் பார்க்கச் சைபீரியாவின் கோலிமா ஆற்றைவிடத் தெளிவான இடம் இல்லை. வடதுருவப் பகுதியின் உறைமண்ணில், அதாவது ஆண்டுக்கணக்கில் உருகாமல் உறைந்து கிடக்கும் மண்ணில், இன்று காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கார்பன் இருக்கிறது. கோலிமாவின் கரையில் துவான்னி யார் என்னுமிடத்தில் பனியுகக் காலத்து உறைமண் சுவர் உருகி ஆற்றில் சரிகிறது. அங்கே உருகி வழியும் நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள் 20,000 ஆண்டுகளுக்கும் பழையது. அதைக் குடுவையில் எடுத்து வைத்தபோது, இரண்டே வாரங்களில் மூன்றில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தன. இத்தனை காலம் உறைபெட்டியில் இருந்த சோறு வெளியே வந்தால் கெடுவதற்கு எவ்வளவு நேரமாகும்! இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கோலிமாவின் கழிமுகத்தில் நீர் எடுத்து அளந்தால், கரைந்துள்ள கார்பன் பெரும்பாலும் இளையதாகவே தெரிகிறது, ஏனெனில் பழையதை மேல்நிலை ஓடைகளிலேயே நுண்ணுயிர்கள் முடித்துவிடுகின்றன. கடல்முகத்தில் மட்டும் அளந்துவிட்டு ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்பவர் ஏமாந்துபோவார்.

அணையைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மதகடி எழுதியது:

பாசனப் பொறியியலில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர் ஐயா கேட்ட மேட்டூர்க் கேள்வி என்னையும் வெகுநாள் உறுத்தியது.

முதலில் உலக அளவிலான கணக்கைச் சொல்கிறேன். 2005இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, மனிதர் மண்ணைக் கிளறியதால் ஆறுகள் சுமக்கும் வண்டல் ஆண்டுக்கு 230 கோடி டன் கூடியிருக்கிறது. ஆனால் கடற்கரையை அடையும் வண்டலோ 140 கோடி டன் குறைந்திருக்கிறது. இடையில் நிற்பவை அணைகள்தாம். அவற்றில் 10,000 கோடி டன்னுக்கும் மேற்பட்ட வண்டலும், அதனுடன் 100 முதல் 300 கோடி டன் வரை கார்பனும் சிக்கியிருக்கின்றன என்று அந்த ஆய்வு கூறியது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் அணை ஒரு நல்ல உண்டியலாகத்தான் தோன்றும்.

உண்டியலின் அடியில் ஓட்டை இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே கரிமப் பொருள் மக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் சுமார் 27 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வெப்பத்தைப் பிடிக்கும். இருபதாண்டுக் கணக்கில் 80 டன்னுக்கு நிகராகும். மேலே நிற்கும் நீரின் அழுத்தம் இருக்கும்வரை அந்த வாயு சேற்றிலேயே அடங்கிக் கிடக்கும். மதகைத் திறந்து மட்டத்தை இறக்கினால் குமிழ் குமிழாகக் கிளம்பும். பிரேசில் அமேசானில் 1980களின் இறுதியில் நிரப்பப்பட்ட பால்பினா அணை 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டை மூழ்கடித்து, வெறும் 250 மெகாவாட் திறனைத் தந்தது. மின்சாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் அதன் வாயுக் கசிவு அனல்மின் நிலையத்தையே வெட்கப்பட வைக்கும்.

மேட்டூர் பால்பினாவைப் போன்றதன்று. மூழ்கிய காடு அவ்வளவு இல்லை, நீரும் பாசனத்திற்கானது. ஆனால் பாசன அணை என்பதாலேயே வேறொரு சிக்கல் வருகிறது. 120 அடிக்கு நிரம்பி, ஜூன் 12 என்னும் வழக்கமான நாளை ஒட்டித் திறக்கப்பட்டு, கோடைக்குள் மட்டம் இறங்கிவிடும் நீர்த்தேக்கத்தில், ஒவ்வோர் ஆண்டும் பெரும்பரப்பு சேறு வெயிலுக்கு வெளிப்படுகிறது. பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வடிந்த நிலத்தில் மக்கள் பயிர் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி வெளிப்படும் சேறு நீரில் மூழ்கியிருந்தபோது விட்டதைவிட அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. 6,794 நீர்த்தேக்கங்களின் செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, உலக நீர்த்தேக்கப் பரப்பில் சராசரியாக 15 விழுக்காடு வறண்டிருக்கிறது என்றும், இந்தப் பரப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் நீர்த்தேக்கங்கள் புதைக்கும் கார்பனைப் போல இரு மடங்கை வெளிவிடுகின்றன என்றும் முடிவு கட்டியது. அதற்கு முன்புவரை அணைகள் நிகரச் சேமிப்பு என்று பேசியவர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. அணை தடுக்காமல் விட்டிருந்தால் அந்த வண்டல் எங்கே போயிருக்கும் என்று கேட்காமல் இலாப நட்டம் பார்க்க முடியாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலில் கொட்டும் வண்டல், கடலடியில் மிக விரைவாக மூடப்படுவதால், அதிலுள்ள நிலத்துக் கரிமப் பொருளில் பெரும்பகுதி அழியாமல் புதைகிறது. உலகக் கடல்களில் புதையும் நிலத்துக் கரிமப் பொருளில் 10 முதல் 20 விழுக்காடு அந்த ஓர் அமைப்பிலேயே அடங்குகிறது என்று 2007இல் கண்டறிந்தார்கள். அமேசானின் வாயிலில் சுமார் 30 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. ஆகவே இமயத்து ஆற்றில் அணை கட்டிச் சேற்றைப் பிடிப்பது, ஏற்கெனவே பத்திரமாக இருக்கும் பெட்டகத்திலிருந்து எடுத்து ஓட்டை உண்டியலில் போடுவதாக முடியலாம். காவிரியில் அந்த வண்டல் டெல்டா வயல்களையும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டையும் சேர்ந்திருக்கும். அலையாத்தி வேர்களுக்கிடையில் படியும் சேறு கார்பனை நெடுங்காலம் வைத்திருக்கும் இடங்களுள் ஒன்று. காற்றுக்கு இலாபம் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

செம்பனைக்காடு எழுதியது:

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பழைய கார்பனைப் பற்றி நீர்ப்பகுப்பு எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய வடிகால் கண்முன் வந்தது. அதன் நீர் பால் கலக்காத கோப்பியின் நிறத்தில் இருக்கும். கையில் அள்ளினால் தெளிவாகவே இருக்கும், சேறு இராது. அந்த நிறம் முழுவதும் கரைந்த கரிமப் பொருள் என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தேன்.

எங்கள் நிலத்தை மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்பார்கள். நீரில் மூழ்கியதால் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மரமும் வேரும் இலையுமே அங்கே மண்ணாக இருக்கின்றன. பல இடங்களில் பல மீட்டர் ஆழத்திற்கு அதுதான். செம்பனை நட வேண்டுமானால் நீரை வடிக்க வேண்டும். வடித்தவுடன் காற்று உள்ளே புகுந்து மண் கரையத் தொடங்கும்; நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழும். மரங்கள் வேர் தெரியச் சாய்ந்து நிற்பதை அந்தப் பக்கம் எங்கும் காணலாம். எங்கள் வீட்டு வாசலுக்கு அப்பா இரண்டு முறை படி கூட்டிக் கட்டினார். வீடு உயர்ந்ததாகச் சிறுவயதில் நினைத்துக்கொண்டேன்.

இந்தோனேசியாவின் மத்தியக் கலிமந்தானில் 1996இல் பத்து இலட்சம் எக்டேர் காம்புட் நிலத்தை நெல் வயலாக்கும் அரசுத் திட்டம் தொடங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, மறு ஆண்டே பெருந்தீ பிடித்தது. அந்தப் பகுதியின் நீரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இந்தத் திரியின் கேள்விக்கு நேரான விடை. காடு கலையாத இடத்திலிருந்து வெளியேறும் கார்பன் அண்மைக் காலத்தது. வடிகால் வெட்டிக் காட்டை அழித்த இடத்திலிருந்து வெளியேறுவது நூற்றாண்டுகள் முதல் ஆயிரமாண்டுகள் வரை பழையது, அளவிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதே மழை, அதே வகை மண். இடையில் வந்தது மண்வெட்டி ஒன்றுதான். தமிழ்நாட்டு ரேஷன் கடைப் பாமாயில் எங்கள் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன். குற்றம் சொல்வதற்காக அன்று, வாய்க்கால் எவ்வளவு நீளமானது என்பதற்காக.

வடகரைத்தமிழன் எழுதியது:

இங்கிலாந்தின் வடபகுதியில் குடிநீர்ச் சுத்திகரிப்புத் தொழிலில் இருக்கிறேன். மேலே எழுதியவர்களுடன் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் நீர் பழுப்பானாலே புவி வெப்பம்தான் காரணம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பென்னைன் மலைகளில், காம்புட்டைப் போலவே மக்காத தாவரம் சேர்ந்து உண்டான கரிச்சதுப்பு நிலத்திலிருந்து வரும் ஓடைநீர் சில பத்தாண்டுகளாகவே கருத்துக்கொண்டு வந்தது. பலரும் வெப்பத்தையே காரணமாகச் சொன்னார்கள். வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் உள்ள 522 ஏரிகள், ஓடைகளின் 1990 முதல் 2004 வரையான பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வேறொரு காரணத்தைக் காட்டியது. ஆலைகளின் கந்தகப் புகை கட்டுப்படுத்தப்பட்டு அமில மழை குறைந்ததால், மண்ணில் இறுகிக் கிடந்த கரிமப் பொருள் மீண்டும் கரையத் தொடங்கியது என்பதே அது. ஒரு கேட்டைத் திருத்தியதன் பின்விளைவு இது. பழைய நிலைக்குத் திரும்புதல் என்றும் சொல்லலாம். எங்களுக்கோ வேலை கூடிவிட்டது, ஏனெனில் இந்தப் பழுப்புப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குடிநீரில் இருக்கக்கூடாத சேர்மங்கள் உண்டாகின்றன. அதனால் குளோரின் இடுவதற்கு முன்பே நிறத்தை நீக்கியாக வேண்டும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

நால்வருக்கும் நன்றி. என் கேள்வியைவிட விடைகள் நீண்டதில் மகிழ்ச்சியே. இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். உறைமண்ணும் காம்புட்டும் எங்கள் பக்கம் இல்லை. எங்கள் ஆறுகளில் எதைப் பார்க்க வேண்டும்? பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பொருள்களைக் கொண்டு மாணவர்கள் அளக்கக்கூடியது ஏதேனும் உண்டா?

நீர்ப்பகுப்பு எழுதியது:

ஐயா, நம் பக்கம் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று பருவமழை வெள்ளம். கோதாவரிக் கழிமுகத்தில் வெள்ளக் காலத்தில் அளந்தபோது, நீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 30,000 மைக்ரோ அட்மாஸ்பியரைத் தாண்டியது. காற்றில் இருப்பது 400க்குச் சற்று மேல். ஆண்டு முழுவதற்குமான வெளியீட்டில் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. குறைந்த நாள்களில் கூடுதலான மழை கொட்டும் போக்கு வலுத்தால் இந்த ஏற்றமும் வலுக்கும். கோடையில் மட்டும் நீர் எடுத்துப் பார்ப்பவர் அதை ஒருநாளும் காணமாட்டார்.

மற்றொன்று சாக்கடை. நான் முன்பு வயதைப் பெரிதாகப் பேசினேன். சாக்கடை அந்த விதிக்கு அடங்காது. அதிலுள்ள கார்பன் நேற்று உண்ட சோறு, அதில் பழமை ஏதும் இல்லை. ஆனால் ஆக்சிஜன் தீர்ந்துபோன நீரில் அது மீத்தேனாக மாறி வெளியேறுகிறது. காற்றிலிருந்து எடுத்தது கார்பன் டை ஆக்சைடு, திருப்பித் தருவதோ அதைவிடக் கொடிய வாயு. சென்னையின் அடையாற்றைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு அந்த நீரில் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மிகுந்திருப்பதைப் பதிவு செய்தது. பாலத்தில் நின்று குமிழிகளைப் பார்த்தாலே விளங்கும்.

மாணவர்கள் அளக்கக் காரத்தன்மை, அதாவது நீர் எவ்வளவு அமிலத்தை ஈடுகட்டும் என்பது, ஏற்றது. ஆற்றுநீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பனில் பெரும்பகுதி பைகார்பனேட்டாகவே இருக்கும்; காரத்தன்மை பெரும்பாலும் அதையே காட்டும். பியூரெட், நீர்த்த அமிலம், மெத்தில் ஆரஞ்சு ஆகிய மூன்றும் போதும். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்து, நீரோட்டத்தின் உயரத்தையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இந்த எளிய அளவீட்டை இளக்காரமாக எண்ண வேண்டாம். மிசிசிப்பி ஆறு கடலுக்குக் கொண்டுசெல்லும் பைகார்பனேட் நூறாண்டுகளில் கூடியிருக்கிறது என்பதையும், அதற்கு மழையைவிட வேளாண் நிலத்தைக் கையாண்ட முறையே பெரிய காரணம் என்பதையும் 2008இல் காட்டியபோது, ஆய்வாளர்களின் கையில் இருந்த சான்று நியூ ஆர்லியன்ஸ் நகரக் குடிநீர் நிலையத்தின் பழைய காரத்தன்மைப் பதிவுகள்தாம். நீரைச் சுத்தம் செய்ய எவ்வளவு சுண்ணாம்பு இட வேண்டும் என்று அறிவதற்காக எவரோ நாள்தோறும் எழுதிவைத்தவை அவை. கார்பன் சுழற்சி என்னும் நினைப்பே அவர்களுக்கு இருந்திராது. காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் பழைய நீரேற்று நிலையங்கள் பல இருக்கின்றன. மாணவர்களைப் பியூரெட்டோடு ஆற்றுக்கு அனுப்புவதற்கு முன், அங்கே பரணில் பழைய பதிவேடுகள் ஏதேனும் கிடக்கின்றனவா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் பக்கங்களைப் படமெடுத்து இந்தத் திரியிலேயே போடுங்கள். எண்களைப் படித்து வரிசைப்படுத்தும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.